நகலைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள்: எங்கே எதை எழுதுவது? ஒரு முழுமையான வழிகாட்டி

தமிழில் அன்றாடத் தேவைக்கு நகல், பிரதி, படி ஆகிய மூன்று சொற்கள் போதும். ஏமாற்றும் நோக்கம் இருந்தால் போலி என்கிறோம். ஆங்கிலத்திலோ காப்பி, டூப்ளிகேட், ஃபோட்டோகாப்பி, டிரான்ஸ்கிரிப்ட், ஃபக்சிமிலி, ரெப்ளிகா, ரீப்ரொடக்‌ஷன், இமிடேஷன், கவுன்டர்ஃபிட், ஃபோர்ஜரி, குளோன் என்று வரிசை நீள்கிறது. இவற்றுள் பலவற்றுக்கு ஆங்கிலம்-தமிழ் அகராதிகள் நகல் என்றே பொருள் தருவதால், எந்தச் சொல்லையும் எங்கும் வைத்து எழுதலாம் என்ற எண்ணம் நமக்கு எளிதில் வந்துவிடுகிறது. அப்படி எழுதினால், பல்கலைக்கழகம் முறைப்படி வழங்கிய மாற்றுச் சான்றிதழ் படிப்பவருக்குப் போலியாகத் தோன்றலாம். கடைத்தெருப் போலிக் கைக்கடிகாரமோ அருங்காட்சியகத்தில் வைக்கத்தக்க பொருளாகத் தோன்றலாம்.

சொற்களை மனப்பாடம் செய்வதைவிட, எழுதும் முன் சில கேள்விகளை ஒழுங்காகக் கேட்டுக்கொள்வது பயன் தரும் என்பது என் கருத்து. மூலம் என்று ஒன்று இருக்கிறதா, நகல் எந்த வழியில் எடுக்கப்பட்டது, மொத்தம் எத்தனை, அதன் உண்மைக்கு யார் பொறுப்பேற்கிறார், பார்ப்பவரை ஏமாற்றும் எண்ணம் உண்டா என்பவையே அக்கேள்விகள். இவற்றுக்கு விடை கிடைத்துவிட்டால், பெரும்பாலும் ஒரே ஒரு சொல்தான் எஞ்சி நிற்கும்.

முதலில், மூலம் இருக்கிறதா என்று பாருங்கள்

காப்பி என்ற சொல் ஆங்கிலத்தில் இரண்டு வேலைகளைச் செய்கிறது. ஒன்று, மூலத்தைப் பார்த்து எடுக்கப்பட்ட நகல். மற்றொன்று, ஒரே அச்சில் வெளிவந்த பலவற்றுள் ஒன்று. நாம் பிரதி என்று சொல்வது இதைத்தான். ஒரு நாவல் 1,000 காப்பி அச்சிடப்பட்டது என்றால், அவற்றுள் எதுவும் இன்னொன்றின் நகல் அன்று. ஒவ்வொன்றும் அந்த நாவலே. ஆகவே ‘ஐ ஹேவ் எ காப்பி ஆஃப் தட் புக்’ என்று ஒருவர் சொன்னால், அந்தப் புத்தகம் தம்மிடம் இருக்கிறது என்பதுதான் பொருள். அவர் ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறார் என்று கொள்ள வேண்டியதில்லை.

இந்த வேறுபாட்டை 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் தெளிவாகப் பிடித்து வைத்திருந்தது. அச்சு, கல்லச்சு, புகைப்படம் போன்ற ஒரே சீரான முறையில் உருவான பல ஆவணங்களில் ஒவ்வொன்றும் மற்றவற்றின் உள்ளடக்கத்துக்கு முதன்மைச் சாட்சியமாகும். ஆனால் அவை அனைத்தும் ஒரு பொது மூலத்தின் நகல்களாக இருந்தால், அந்த மூலத்தின் உள்ளடக்கத்துக்கு அவை முதன்மைச் சாட்சியம் ஆகா என்பது அதன் 62ஆவது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்துள்ள பாரதிய சாக்‌ஷிய அதிநியமும் இதே கருத்தைத் தொடர்கிறது. காப்பி என்ற ஒரே சொல்லின் இரு பொருள்களுக்கு இடையே கோடு கிழிக்க இதைவிடத் துல்லியமான வாசகத்தை நான் கண்டதில்லை.

புத்தக உலகில் இதனோடு சேர்த்துக் கவனிக்க வேண்டிய சொற்கள் எடிஷனும் ரீப்ரின்ட்டும். உள்ளடக்கம் திருத்தப்பட்டோ எழுத்து புதிதாகக் கோக்கப்பட்டோ வந்தால் அது புது எடிஷன், அதாவது பதிப்பு. இருந்ததையே மறுபடி அச்சடித்தால் ரீப்ரின்ட், அதாவது மறு அச்சு. விமர்சனத்துக்கு அனுப்புவது ரிவ்யூ காப்பி, அன்பளிப்பாகத் தருவது காம்ப்ளிமென்டரி காப்பி.

பத்திரிகை அலுவலகத்திலும் விளம்பர நிறுவனத்திலும் இச்சொல் முற்றிலும் வேறு வாழ்க்கை வாழ்கிறது. அங்கே காப்பி என்பது அச்சுக்குப் போகவிருக்கும் எழுத்து. பன்மை ஏற்காத, எண்ண முடியாத பெயர்ச்சொல். செய்தியாளர் ‘காப்பி’ அனுப்புகிறார். காப்பி எடிட்டர் அதைச் செப்பனிடுகிறார். காப்பிரைட்டர் விளம்பர வாசகம் எழுதுகிறார். இந்தக் காப்பிரைட்டரையும், படைப்புரிமையைக் குறிக்கும் காப்பிரைட்டையும் குழப்பிக்கொள்பவர் பலர். முன்னதில் பின்பாதி எழுதுபவர் என்ற பொருளையும், பின்னதில் உரிமை என்ற பொருளையும் தருகிறது. ஆங்கில எழுத்துக்கூட்டலும் அதற்கேற்ப மாறும்.

அடுத்து, நகல் எப்படி எடுக்கப்பட்டது?

இந்தியாவில் தெருவுக்குத் தெரு இருப்பது ஜெராக்ஸ் கடை. ஜெராக்ஸ் என்பது ஒரு நிறுவனத்தின் வணிகப் பெயர். செஸ்டர் கார்ல்சன் 1938 அக்டோபர் 22 அன்று நியூயார்க்கின் அஸ்டோரியாப் பகுதியில் உலர் முறையில் முதல் பிம்பத்தை உருவாக்கினார். ஈர வேதிப்பொருள்கள் தேவைப்படாத அந்த முறைக்கு, உலர்ந்தது என்ற பொருளுடைய கிரேக்க வேர்ச்சொல்லிலிருந்து ஜெராகிராஃபி என்று பெயர் அமைந்தது. ஜெராக்ஸ் என்பது அதிலிருந்து வந்ததே. 1959இல் வெளிவந்த 914 என்ற இயந்திரம் அலுவலகங்களை மாற்றியது. 9 அங்குலத்துக்கு 14 அங்குலம் வரையிலான தாளை நகலெடுக்கும் என்பதே அந்த எண்ணுக்குக் காரணம். தன் பெயர் பொதுச்சொல்லாகித் தேய்ந்துவிடக் கூடாது என்று அந்நிறுவனம் பல ஆண்டுகள் விளம்பரம் செய்தும் வந்திருக்கிறது.

எனவே வெளிநாட்டு அலுவலகத்துக்கு எழுதும்போது ஃபோட்டோகாப்பி என்று எழுதுவதே பாதுகாப்பானது. பெயராகவும் வினையாகவும் அதுவே பயன்படும். ‘ஜெராக்ஸ் காப்பி’ என்பது நம் ஊர் வழக்கு. மலேசியத் தமிழர்களுக்குப் பழக்கமான ஃபோட்டோஸ்டாட் என்பதும் ஒரு பழைய வணிகப் பெயரே. மலாய் மொழியில் அது இன்றும் நகலெடுப்பதற்குரிய பொதுச்சொல். மெழுகுத்தாளில் எழுத்தைப் பதித்து உருளையில் மையிட்டு எடுக்கும் முறையைத் தமிழ்நாட்டில் சைக்ளோஸ்டைல் என்றும் இலங்கையில் ரோனியோ என்றும் சொன்ன தலைமுறை இன்னும் இருக்கிறது. அந்த இயந்திரங்கள் போய்விட்டதால், இச்சொற்களை வரலாறு எழுதும்போது மட்டும் பயன்படுத்தினால் போதும்.

கார்பன் காப்பியின் கதை வேறு. கார்பன் தாளுக்கு ரால்ஃப் வெட்ஜ்வுட் இங்கிலாந்தில் 1806இல் காப்புரிமை பெற்றார். தட்டச்சு மேசையிலிருந்து கார்பன் தாள் மறைந்துவிட்ட பின்னும், மின்னஞ்சலின் சி.சி. என்ற இரண்டெழுத்தில் அது நிற்கிறது. பி.சி.சி. என்பதில் முன்னால் சேர்ந்திருப்பது ‘பிளைண்ட்’. மற்றவர் கண்ணுக்குத் தெரியாமல் ஒருவருக்கு நகல் போகிறது என்பது பொருள்.

சாஃப்ட் காப்பி என்பது இந்தியாவில் ஓயாமல் புழங்கும் சொல். பிரிட்டனிலோ அமெரிக்காவிலோ ஹார்டு காப்பி என்பதைத் தடையின்றிப் புரிந்துகொள்வார்கள். சாஃப்ட் காப்பி என்பதைவிட எலக்ட்ரானிக் காப்பி, அல்லது வெறுமனே பி.டி.எஃப். என்பது அவர்களுக்கு இயல்பு.

எண்ணிக்கையில் ஏமாறாதீர்கள்

விண்ணப்பப் படிவங்களில் வரும் ‘இன் டூப்ளிகேட்’ என்ற தொடர் பலரைத் தடுமாற வைக்கிறது. மூலத்தையும் சேர்த்து மொத்தம் இரண்டு என்பதே அதன் பொருள். மூலமும் அதற்கு மேல் இரண்டு நகல்களும் அல்ல. அவ்வாறே ‘இன் டிரிப்ளிகேட்’ என்றால் மொத்தம் மூன்று, ‘இன் குவாட்ரூப்ளிகேட்’ என்றால் நான்கு. அதற்கு மேல் போனால் இத்தகைய சொற்களைத் தேடாமல் ஐந்து காப்பிகள் என்று எழுதிவிடுவார்கள். நீங்களே கேட்கும் இடத்தில் இருந்தால், ‘ஒரிஜினல் பிளஸ் டூ காப்பீஸ்’ என்று விரித்து எழுதுவது இரு தரப்புக்கும் நல்லது.

ஜி.எஸ்.டி. விலைப்பட்டியலைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். 2017ஆம் ஆண்டின் மத்திய ஜி.எஸ்.டி. விதிகளில் 48ஆவது விதியின்படி, சரக்கு விற்பனைக்கு விலைப்பட்டியல் மூன்று படிகளாக அமைய வேண்டும்: வாங்குபவருக்கு ஒரிஜினல், சரக்கைக் கொண்டு செல்பவருக்கு டூப்ளிகேட், விற்பவருக்கு டிரிப்ளிகேட். சேவைக்கு இரண்டே போதும். இங்கே டூப்ளிகேட் என்ற குறிப்பு இரண்டாவது படி என்ற வரிசை எண்ணை மட்டுமே சொல்கிறது. அதில் தரக்குறைவோ பொய்யோ இல்லை.

ஒப்பந்தங்களில் இதற்கு நெருங்கிய உறவாக இன்னொரு சொல் வருகிறது: கவுன்டர்பார்ட். ஒரே வாசகம் கொண்ட படிகளைத் தயாரித்து, ஒவ்வொரு தரப்பும் தன் பங்குக்கு ஒன்றில் கையெழுத்திட்டு மற்றவருக்குத் தருவதை ‘எக்ஸிக்யூட்டட் இன் கவுன்டர்பார்ட்ஸ்’ என்று எழுதுவார்கள். இவை நகல்கள் அல்ல. கையெழுத்திட்டவரைப் பொறுத்தவரை அவர் கையெழுத்து உள்ள படியே முதன்மை ஆவணம். இந்த இடத்தில் காப்பி என்று எழுதினால் வழக்குரைஞர் உடனே திருத்துவார்.

யார் உறுதி சொல்கிறார்?

பாஸ்போர்ட், கல்விச் சான்றிதழ், கிரயப்பத்திரம் போன்றவற்றைக் கையாளும்போது சொல் பிழைத்தால் விண்ணப்பமே திரும்பி வரலாம் என்பதால், இந்தப் பகுதியில் கூடுதல் கவனம் தேவை.

வெறும் நகல் காப்பி. மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன், சரியாக இருக்கிறது என்று ஓர் அதிகாரி கையெழுத்திட்டு முத்திரை வைத்தால், அது அட்டெஸ்டட் காப்பி. தமிழில் சான்றொப்பமிட்ட நகல். கெசட்டட் அலுவலரின் பச்சை மைக் கையெழுத்துக்காகக் காத்திருந்த காலம் பெரும்பாலும் போய், இன்று பல இடங்களில் விண்ணப்பதாரரே கையெழுத்திடும் செல்ஃப் அட்டெஸ்டட் காப்பி போதும் என்கிறார்கள். இது இந்திய நிர்வாகத்தின் வழக்கு என்பதை நினைவில் வைக்க வேண்டும். பிரிட்டனில் சர்டிஃபைடு காப்பி என்று கேட்டால், வழக்குரைஞர் போன்ற ஒரு தொழில்முறையாளர் மூலத்தைப் பார்த்து, தாம் கண்ட மூலத்தின் உண்மையான நகல் இது என்ற வாசகத்தை எழுதி, கையெழுத்து, தேதி, பெயர், தொழில், முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றைச் சேர்க்க வேண்டும். உறவினர் அதைச் செய்யக் கூடாது. நீங்களே கையெழுத்திட்டு அனுப்பினால் அங்கே அதற்கு மதிப்பில்லை.

இந்தியாவில் சர்டிஃபைடு காப்பி என்பதற்கு இன்னும் குறுகிய பொருள் உண்டு. மூல ஆவணத்தைத் தன் காவலில் வைத்திருக்கும் பொது அலுவலகமே கட்டணம் பெற்று வழங்கும் நகல் அது. சார்பதிவாளர் அலுவலகத்தில் கிரயப்பத்திரத்துக்குப் பெறும் சான்றிட்ட நகலும், நீதிமன்றம் தரும் தீர்ப்பு நகலும் இவ்வகை. உங்களிடம் உள்ள பத்திரத்தை ஜெராக்ஸ் எடுத்து நோட்டரியிடம் முத்திரை பெற்றால் அது நோட்டரைஸ்டு காப்பி. சர்டிஃபைடு காப்பி கேட்ட இடத்தில் அதை நீட்டினால் ஏற்க மறுப்பார்கள்.

இனி டூப்ளிகேட். சான்றிதழ் தொலைந்துபோனால், காவல் துறையிடம் கண்டுபிடிக்க இயலவில்லை என்ற சான்று பெற்று விண்ணப்பித்தபின், வழங்கிய அமைப்பே மறுபடி தரும் ஆவணம் டூப்ளிகேட் சர்டிஃபிகேட். அரசுத் தமிழில் இரண்டாம்படி. இது ஃபோட்டோகாப்பி அன்று, மூலத்துக்கு உரிய தகுதியோடு செல்லும் ஆவணம். ஆனால் நம் பேச்சுத்தமிழில் ‘அது டூப்ளிகேட்’ என்றால் போலி என்று பொருள். இந்தப் பேச்சு வழக்கை ஆங்கிலத்துக்குள் எடுத்துச் சென்று, கடைக்காரர் தந்த போலிப் பொருளை டூப்ளிகேட் பிராடக்ட் என்று ஒரு பன்னாட்டு நிறுவனத்துக்கு எழுதினால், ஒரே பொருளைத் தவறுதலாக இரண்டு முறை அனுப்பிவிட்டார்கள் என்றே அவர்கள் புரிந்துகொள்ளக்கூடும். அங்கே எழுத வேண்டியது ஃபேக் அல்லது கவுன்டர்ஃபிட்.

டிரான்ஸ்கிரிப்ட் என்று வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் கேட்பது மதிப்பெண் பட்டியல்களின் நகலை அன்று. எல்லாப் பருவங்களின் பாடங்களையும் மதிப்பெண்களையும் தொகுத்துப் பல்கலைக்கழகமே உறையிட்டோ இணையவழியிலோ அனுப்பும் ஆவணம் அது. பேச்சை எழுத்தாக்கியதும் டிரான்ஸ்கிரிப்ட்தான். ஒரு வடிவத்திலிருந்து மற்றொரு வடிவத்துக்கு எடுத்தெழுதுதல் என்பதே அடிப்படைக் கருத்து.

ஏமாற்றும் எண்ணம் உண்டா?

வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும் இரண்டு பொருள்களுக்கு ஆங்கிலம் வெவ்வேறு பெயர் தருவது இந்த ஒரு கேள்வியினால்தான். நேர்மையான பக்கத்தில் ரெப்ளிகா, ரீப்ரொடக்‌ஷன், ஃபக்சிமிலி, காஸ்ட், இமிடேஷன் ஆகியவை நிற்கின்றன. மறுபக்கத்தில் ஃபேக், கவுன்டர்ஃபிட், ஃபோர்ஜரி.

ரெப்ளிகா கலையுலகிலிருந்து வந்த சொல். கண்டிப்பான பொருளில், மூலத்தைப் படைத்த கலைஞரே மறுபடி செய்ததுதான் ரெப்ளிகா. இப்போது அளவிலும் வடிவிலும் மூலத்தை ஒத்த எந்த முப்பரிமாணப் படைப்புக்கும் வழங்குகிறது. மைக்கலாஞ்சலோவின் தாவீது சிலை 1873இல் ஃபிளாரன்ஸ் நகரின் அக்காதெமியா அரங்குக்குள் கொண்டுபோகப்பட்டது. அது முன்பு நின்ற சதுக்கத்தில் 1910 முதல் நிற்பது ரெப்ளிகா. லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கும் அதே சிலையின் சுதை வடிவத்தை, அச்செடுத்து வார்த்தது என்பதால், காஸ்ட் என்பார்கள். ஓவியத்தின் அச்சுப்படம் ரீப்ரொடக்‌ஷன். கையெழுத்துச் சுவடியைத் தாளின் கறையும் அடித்தலும் திருத்தமும் தெரியும்படி அப்படியே பதிப்பித்தால் அது ஃபக்சிமிலி எடிஷன். ஃபேக்ஸ் என்று நாம் சுருக்கிச் சொன்ன இயந்திரத்தின் முழுப்பெயரும் இதுவே.

தமிழ்க் கல்வெட்டு ஆய்வில் ஈடுபட்டோர் ஆங்கிலத்தில் எழுதும்போது இவற்றுள் எதையும் எடுப்பதில்லை. கல்லின் மீது ஈரத்தாளை ஒட்டி, தூரிகையால் அடித்து, மை ஒற்றி எடுக்கும் மைப்படிக்கு அவர்கள் சொல் எஸ்டாம்பேஜ். ஏட்டுச்சுவடித் துறையிலும் தனிச்சொற்கள் உண்டு: எதைப் பார்த்து எழுதினார்களோ அந்தத் தாய்ப்படி எக்ஸெம்ப்ளார், பார்த்து எழுதப்பட்டது அப்போகிராஃப்.

இமிடேஷன் என்பது மலிவான பொருளால் விலையுயர்ந்ததன் தோற்றத்தைத் தருவது. நாம் கவரிங் என்று வாங்குவதை ஆங்கிலத்தில் இமிடேஷன் ஜூவல்லரி என்கிறார்கள். விற்பவரும் வாங்குபவரும் உண்மை அறிந்தே விலை பேசுவதால் அதில் வஞ்சகம் இல்லை. அதே வளையலில் தங்க முத்திரையைப் பொறித்துவிட்டால் சொல் மாறிவிடும்.

கவுன்டர்ஃபிட் என்ற சொல் பணத்துக்கும், வணிகச் சின்னம் தாங்கிய பொருளுக்கும், மருந்துக்கும் உரியது. இந்தியத் தண்டனைச் சட்டம் இதற்குத் தந்த விளக்கம் படிக்கத்தக்கது: ஒன்றை மற்றொன்றைப் போலத் தோன்றச் செய்து, அந்த ஒற்றுமையால் ஏமாற்ற எண்ணுவதே கவுன்டர்ஃபிட், நகல் துல்லியமாக இருக்க வேண்டும் என்பதுகூட அவசியமில்லை. ஆக, தரம் எவ்வளவு மட்டமாக இருந்தாலும் கள்ளநோட்டு கள்ளநோட்டுதான்.

ஃபோர்ஜரி கையெழுத்துக்கும் ஆவணத்துக்கும் ஓவியத்துக்கும் வரும் சொல். இதற்கு மூலமே தேவையில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. டச்சு ஓவியர் ஹான் வான் மேகெரன், 17ஆம் நூற்றாண்டின் புகழ்பெற்ற டச்சு ஓவியரான வெர்மீரின் எந்த ஓவியத்தையும் நகலெடுக்கவில்லை. வெர்மீர் வரைந்திருக்கக்கூடியவை என்று தோன்றும் புதிய ஓவியங்களைத் தாமே வரைந்து, வெர்மீருடையவை என்று விற்றார். அவற்றுள் ஒன்றை 1937இல் ராட்டர்டாம் அருங்காட்சியகத்துக்காக வாங்கினார்கள். 1945இல் அவரே உண்மையைச் சொன்னார். மூலமே இல்லாத அவற்றைக் காப்பி என்று சொல்ல வழியில்லை, ஆனால் அவை ஐயமின்றி ஃபோர்ஜரி. மறுபுறம், அருங்காட்சியகத்தில் அமர்ந்து பயிற்சிக்காக வெர்மீரை வரையும் மாணவர் செய்வது காப்பி மட்டுமே.

பைரேட்டட் காப்பியை இவற்றோடு சேர்க்கக் கூடாது. திருட்டுத்தனமாகப் பரவும் திரைப்படத்தில் ஓடுவது அதே படம்தான், இல்லாதது அனுமதி. சந்தையில் வழங்கும் ஃபர்ஸ்ட் காப்பி என்பது இந்திய வணிகர்களின் கண்டுபிடிப்பு. உயர்தரப் போலி என்பதை நயமாகச் சொல்லும் முறை. இணையக் கடைகள் ரெப்ளிகா என்ற மதிப்புமிக்க சொல்லையும் இதே வேலைக்கு இழுத்துவிட்டது வருத்தம் தருவது. நாக் ஆஃப் என்பது, பெயரைத் திருடாமல் வடிவமைப்பை மட்டும் பின்பற்றிய மலிவுப் பொருளுக்கும் வரும். அண்மையில் அழகுசாதன உலகில் புழங்கும் டூப் என்ற சொல்லும் ஏறத்தாழ அதே பொருளுடையது.

ஆட்களைப் பற்றிச் சொல்லும்போது

திரைப்படத்தில் நாயகனுக்குப் பதிலாகக் குதிப்பவரை நாம் டூப் என்கிறோம். ஆங்கிலத்தில் அவர் ஸ்டன்ட் டபுள் அல்லது பாடி டபுள். ஆங்கிலத்தில் ஒரு மனிதரை டூப் என்றால், ஏமாற்றப்பட்டவர் என்று பொருள். பிரெஞ்சிலிருந்து வந்த அந்தச் சொல் டூப்ளிகேட்டின் சுருக்கம் அன்று. உருவ ஒற்றுமைக்கு லுக்கலைக் என்பது பொதுச்சொல். அப்பாவை உரித்து வைத்தாற்போல் இருக்கும் மகனை ‘ஸ்பிட்டிங் இமேஜ்’ என்றோ ‘கார்பன் காப்பி’ என்றோ சொல்லலாம். டூப்ளிகேட் என்று சொல்லக் கூடாது. பிறர் செய்வதைப் பார்த்துச் செய்பவர் காப்பிகேட். இது சற்று இகழ்ச்சி கலந்தது. தேர்வில் காப்பி அடிப்பதற்குக் ‘காப்பியிங்’ என்று எழுதலாம். முறைப்படியான கடிதமாயின் ‘சீட்டிங்’. ஆய்வேட்டில் மூலத்தைக் குறிப்பிடாமல் எடுத்தால் அது பிளேஜரிசம்.

குளோன் என்பது மரபணு அளவில் ஒன்றான உயிர். ஒட்டுக்கிளையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 1903இல் ஹெர்பர்ட் வெப்பர் தாவரவியலுக்காக உருவாக்கிய இச்சொல், எடின்பரோவை அடுத்த ராஸ்லின் ஆய்வகத்தில் 1996 ஜூலை 5 அன்று குளோன் முறையில் பிறந்த டாலி என்ற செம்மறி ஆட்டினால் எல்லோர் வாயிலும் நுழைந்தது. ஏ.டி.எம். அட்டையின் தகவலைத் திருடி மற்றோர் அட்டையில் ஏற்றுவதையும் குளோனிங் என்கிறார்கள்.

கணினியிலும் ஆய்விலும்

கணினியில் காப்பி கொடுத்தால், ஒட்டும் வரை புதிதாக எதுவும் தோன்றாது. டூப்ளிகேட் கொடுத்தால் அதே இடத்தில் உடனே இரண்டாவது கோப்பு வந்துவிடும். பேக்கப் என்பது இழப்பு நேர்ந்தால் மீட்பதற்காகத் தனியே வைக்கும் நகல். மிரர் அவ்வாறன்று; மூலத்தில் ஒன்றை அழித்தால் அதிலும் அழிந்துவிடும் என்பதால் அதை பேக்கப் என்று நம்பக் கூடாது. மூன்று காப்பிகள், இரண்டு வகைச் சேமிப்புச் சாதனங்கள், ஒன்று வேறிடத்தில் என்று சொல்லும் புகழ்பெற்ற 3-2-1 விதியில் வரும் மூன்று காப்பிகளில் மூலக் கோப்பும் ஒன்று என்பதையும் கவனிக்கலாம்.

ஆய்வுலகில் ரீப்ரொடியூஸ், ரெப்ளிகேட் இரண்டையும் பலர் மாற்றி மாற்றி எழுதுகிறார்கள். அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்களின் 2019ஆம் ஆண்டு அறிக்கை இதைப் பிரித்துச் சொன்னது: அதே தரவையும் அதே நிரலையும் கொண்டு அதே விடையைப் பெறுவது முன்னது, புதிய தரவைத் திரட்டி ஒத்த முடிவுக்கு வருவது பின்னது.

எழுதும்போதும் உச்சரிக்கும்போதும்

இணைப்புச் சொல்லில் குழப்பம் வேண்டாம்: பெயராக வந்தால் ‘காப்பி ஆஃப்’, வினையாக வந்தால் ‘காப்பி ஃப்ரம்’. ‘சர்டிஃபிகேட் ஜெராக்ஸ்’ என்று தமிழ் ஒழுங்கில் அடுக்காமல் ‘எ ஃபோட்டோகாப்பி ஆஃப் மை சர்டிஃபிகேட்’ என்று எழுதுங்கள். பேக்கப் பெயராக இருக்கும்போது ஒரே சொல். வினையாகும்போது இரண்டாகப் பிரித்து எழுத வேண்டும்.

டூப்ளிகேட் பெயராகவோ அடையாகவோ வரும்போது அதன் இறுதி ‘கட்’ என்று குறுகும். வினையாக வரும்போதுதான் ‘கேட்’ என்று நீளும். ஃபக்சிமிலியில் நான்கு அசைகள், அழுத்தம் இரண்டாவதில். ரெப்ளிகாவில் அழுத்தம் முதல் அசையில். கவுன்டர்ஃபிட்டின் இறுதியை ‘ஃபீட்’ என்று நீட்டாமல் ‘ஃபிட்’ என்றே பெரும்பாலும் சொல்வார்கள். ஜெராக்ஸின் முதல் எழுத்துக்கு ஆங்கிலத்தில் ‘ஜெ’ ஒலி இல்லை. ‘ஸீராக்ஸ்’ என்பதே நெருங்கியது.